முதல் வாரக் கணக்கு லூப் இசையின் ஆயுளைச் சொல்லாது

"அமென் பிரேக் 1980களில் கணினியில் செய்யப்பட்ட லூப், வெளியானதுமே ஹிட். லூப் இசையில் முதல் வாரம் ஓடாதது என்றைக்கும் ஓடாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. லூப் என்றால் திரும்பத் திரும்பச் சுழற்றி ஓடவிடும் இசைத்துண்டு. செய்தியில் சொன்ன மூன்றுமே தவறு.

அமென் பிரேக் என்பது 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட இசைத்தட்டின் பின்பக்கத்தில் உள்ள 'அமென், பிரதர்' பாடலின் ஒரு டிரம்ஸ் துண்டு. டிரம்ஸ் வாசித்தவர் கிரெகரி கோல்மன், கையால் வாசித்தது. அப்போது ஹிட்டானதும் கிராமி வாங்கியதும் முன்பக்கப் பாடலான 'கலர் ஹிம் ஃபாதர்'தான். பின்பக்கம் 1986இல் 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' தொகுப்பில் சேர்ந்த பிறகே ஹிப்ஹாப்பில் பரவியது. 1990களில் பிரிட்டனின் ஜங்கிள் என்ற வேகமான நடன இசை அதன் மேல்தான் எழுந்தது.

'அமென், பிரதர்' பாடலை 1:26க்கு நகர்த்திக் கேளுங்கள். நான்கு பார் (பார் என்பது ஒரு தாளச் சுற்று), சுமார் ஏழு நொடி. மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கிவிடுவதால் சுத்தமாக வெட்டியெடுக்கலாம். நான்காவது பாரில் முதல் அடி காலி. சிம்பல் எதிர்பாராத இடத்தில் விழுகிறது. எத்தனை முறை சுழற்றினாலும் சலிக்காததற்கு அதுவே காரணம் என்பேன்.

செல்வாக்கை அளக்க, எந்தப் பாடலின் துண்டு எந்தெந்தப் பாடல்களில் பயன்பட்டது என்று பட்டியலிடும் ஹூசாம்பிள்ட் தளத்தில் மொத்த எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். ரசிகர்களே பதிவேற்றும் பட்டியல் அது, விடுபடல்கள் உண்டு. எந்தெந்த ஆண்டுகள், எத்தனை இசைவகைகள் என்று பாருங்கள். பத்தாண்டு கழித்தும் புது வகையில் தலைகாட்டினால் அது வலுவான சான்று.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து பகிர வேண்டாம். அனுப்பியவருக்கு 1969 என்ற ஆண்டை மட்டும் சொல்லுங்கள்.