பி.டி. மாஸ்டர் அடித்தால் சிரித்தே ஆக வேண்டுமாம்

அந்தப் பள்ளிக்கூடப் படத்தின் கிளிப்பில் என்னை டேக் செய்தது போதும், பார்த்துவிட்டேன். படத்தின் பெயரை எழுதி இன்னும் நாலு டிக்கெட் விற்றுக்கொடுக்கப் போவதில்லை. அதில் பி.டி. மாஸ்டர் மென்மையான ஒரு பையனை எல்லோர் முன்னாலும் நடக்கவிட்டு, "ஆம்பளையா நடடா" என்று பின்மண்டையில் ஒன்று போடுகிறார். தியேட்டரே சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று எழுதியதற்குத்தான் இவ்வளவு கூத்து.

திரும்பவும் சொல்கிறேன். அந்தச் சிரிப்பு தானாக வந்ததில்லை. எழுதி, க்ளோசப் வைத்து, பின்னணியில் ஒரு 'டொய்ங்' சேர்த்து வரவழைத்தது.

நம் பள்ளிக்கூடப் படங்களில் யார் ஹீரோ? கடைசி பெஞ்சில் இருப்பான், பெயிலாவான், அடிப்பான், ஒரு பெண்ணின் சைக்கிளுக்குப் பின்னாலேயே போவான். முதல் பெஞ்சில் கண்ணாடி போட்டவன் கோள்சொல்லி. குண்டுப் பையன் அடுத்தவன் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும். மெதுவாகப் பேசுகிறவன் அடி வாங்க வேண்டும். இதைத் தாண்டி ஒரு பையனை யோசிக்கவே மாட்டீர்களா?

"படம்தானே, ஜாலியா பாருங்க." சரி. எனக்குக் குரல் உடைய ரொம்ப நாளானது. அந்தச் சமயத்தில் வந்த ஒரு படத்தில் கீச்சுக்குரலில் பேசும் காமெடிப் பாத்திரம் ஒன்று. திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் அதுதான் என் பெயர். அட்டெண்டன்சில் நான் 'உள்ளேன் ஐயா' சொல்ல வாயைத் திறக்கும் முன்பே பின்னாலிருந்து அந்த வசனம் வந்துவிடும். சாரும் சிரிப்பார். அப்புறம் கையை மட்டும் தூக்கப் பழகிக்கொண்டேன். பாட்டுப் போட்டிக்குக் கொடுத்திருந்த பெயரையும் நானே போய் அடித்துவிட்டு வந்தேன். அந்தப் படத்தையும் ஜாலியாகத்தான் எடுத்திருப்பார்கள்.

'96' படத்தில் பையன் மென்மையாக இல்லையா என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. ஜானு பக்கத்தில் வந்தாலே ராம் படபடத்துப்போவது எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த மென்மைக்குக் காதல் ஒரு அனுமதிச் சீட்டு. யாரையும் காதலிக்காமல் சும்மாவே அப்படி இருக்கிறவனுக்கு மாஸ்டரின் கைதான்.

"யதார்த்தத்தைத்தான காட்டுறாங்க" என்கிற அறிவாளிகளுக்கு: 2009-ல் பாண்டிராஜின் 'பசங்க' வந்தது. அதிலும் கோஷ்டி உண்டு, அடிதடி உண்டு. ஆனால் அப்பாவும் அம்மாவும் சண்டை போடும்போது அன்பு என்கிற பையன் தவிப்பதைப் பார்த்து நம்மைச் சிரிக்கச் சொல்லவில்லை. சிறந்த தமிழ்ப் படம் உட்பட மூன்று தேசிய விருது வாங்கியது. ஓடவும் செய்தது. அது யதார்த்தம் இல்லையா?

நான் ஆண்களுக்கு எதிரி என்று சொன்னவருக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஐயா, நான் ஆண்களுக்காகத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். பெற்ற அப்பா செத்துக் கிடக்கும்போது, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தான் என் நண்பன். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "தைரியமான பையன்" என்று எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நானும் தட்டினேன். அவன் இன்றுவரை அப்பாவைப் பற்றிப் பேசுவதில்லை. அவனையும் அந்த மாஸ்டர்தான் கெடுத்தாரா என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

கமெண்டில் என்னைக் கிழித்தவர்கள் கிழித்தது இருக்கட்டும். "எனக்கும் இப்படி ஒரு பேர் இருந்துச்சுண்ணா" என்று இன்பாக்ஸில் எழுதிய தம்பிகளில் ஒருவர்கூட அந்தப் பதிவுக்கு ஒரு லைக் போடவில்லை. கோபமில்லை. உங்கள் நண்பர்கள் பார்த்துவிடுவார்கள், தெரியும்.