பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள்

என்னை டேக் செய்து வந்த அந்தப் பதிவை இங்கே பலரும் பார்த்துவிட்டீர்கள். இரண்டு நாளாக இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பேசாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன், முடியவில்லை. "மூன்று நாள் சென்னை. வெயில், வேர்வை, நாற்றம். பார்க்க ஒன்றுமே இல்லை." எழுதியவர் என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன் முறை. அதற்குக் கீழே அத்தனை சிரிப்புக் குறிகள்.

அண்ணா, கோடை தொடங்கும்போது கடலோர ஊருக்கு வருகிறவர்கள் அந்த ஊரின் நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே போனில் இதைத்தான் மூன்று முறை சொன்னேன். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் எட்டரை வரை நன்றாகச் சுற்றலாம். அப்புறம் நிழல் பார்த்து ஒதுங்கிவிட வேண்டும். நாலரைக்கு மேல் மறுபடி கிளம்பலாம். இங்கே வழக்கமாக நண்பகலையொட்டித்தான் கடற்காற்று உள்ளே வரும். மேல்காற்று பலமாக இருக்கிற நாளில் அதுவும் தாமதமாகும், வெயில் ஏறிக்கொண்டே போகும். எங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னல் திரை உள்பக்கமாக உப்ப ஆரம்பித்தால், "காத்து வந்துடுச்சு" என்று அம்மா சொல்வார். அதுவரை மொட்டை மாடிக்கு யாரையும் விடமாட்டார்.

நீங்கள் எழுந்தது பத்தரைக்கு. பன்னிரண்டேகாலுக்கு மெரினா மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தீர்கள். ரோட்டிலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் உங்களுக்குத் தெரிந்தது. கால் கொப்பளித்தது உண்மை. ஆனால் அந்தப் பழியை ஊர் மேல் போட்டது நியாயமா?

"விருந்தாளியின் சௌகரியத்தைப் பார்க்க வேண்டாமா?" என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். மூன்று நாள் லீவு போட்டுவிட்டு உங்களுக்காகக் காத்திருந்தேன் ஐயா. எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது, அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் வியாழனே போய்விடுவோம் என்று கெஞ்சினேன். வியாழன் முழுக்க மாலில் போனது. வெள்ளிக்கிழமை பூட்டிய கேட்டின் முன்னால் நின்று, "இதுவும் இல்லையா?" என்று என்னைக் கேட்டார்கள்.

பையனைக் கடலில் குளிக்க விடவில்லை என்பது இன்னொரு குறை. மெரினாவில் இறங்கிக் குளிக்கக் கூடாது. அங்கே கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே தரை சட்டென்று ஆழமாகிவிடும், திரும்புகிற அலை காலடி மணலை உருவிக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்த பிள்ளைகளே அதில் போயிருக்கிறார்கள். அந்தக் கரையில் தலையில் அடித்துக்கொண்டு அழுகிற தாயை ஒருமுறை பார்த்தவர்கள் யாரும் "கொஞ்ச நேரம்தானே" என்று சொல்லமாட்டார்கள். என்னைக் கெட்டவனாக்கினாலும் பரவாயில்லை, விடமாட்டேன்.

சரி, குப்பை இருக்கிறது. கூவம் நாறுகிறது. மறுக்கவில்லை. அதற்காக இங்கே இருக்கிற நாங்கள் தினமும் சண்டை போடுகிறோம்.

ஆனால் மெரினாவை ஒட்டிய மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்தில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் முட்டையிடுகிற காலம், அதனால் பெரிய மீன் வரத்து குறையும், விலை ஏறும் என்றெல்லாம் போகிற வழியிலேயே சொல்லியிருந்தேன். சின்ன ஃபைபர் படகில் வந்த சங்கராவைக் கூறு கட்டி வைத்திருந்தார் ஒரு அக்கா. ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கி, உள்ளே சிவப்பைக் காட்டினார். நீங்கள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்தீர்கள், அவர் முகமும் சேர்ந்து விழுகிற மாதிரி. அவர் கையை உதறிவிட்டு என்னைத்தான் பார்த்தார். "உன் ஆளுங்களா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்ல?

பார்க்க ஒன்றுமில்லையாம். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே அயோத்தியா குப்பம். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் பிறந்த இடம். 1923இல் இந்தியாவின் முதல் மே தினத்தை இந்தக் கடற்கரையில்தான் அவர் கொண்டாடினார். உழைப்பாளர் சிலை, பாறையை நெம்புகிற நாலு பேர், 1959இல் வைத்தது, அதன் பக்கத்திலேயே காரை நிறுத்தி ஜூஸ் குடித்தோம். நான் பேச ஆரம்பித்ததும், "ஏசியைக் கூட்டு" என்றீர்கள்.

"எல்லாருக்கும் வரலாறு பிடிக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், எனக்கு வருத்தமே இல்லை. ஒன்றுமில்லை என்று எழுதாதீர்கள். இரண்டும் ஒன்றில்லை.

உண்மையில் எனக்கு வலித்தது வேறு இடத்தில். மூன்று நாளும் கேட்டேன், ஒருநாள் விடியற்காலை ராயபுரம் வாருங்கள் என்று. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது, காட்டுகிறேன், அப்படியே காசிமேடு போய்விட்டு வரலாம் என்றேன். "வட சென்னையில் என்ன இருக்கு?" என்று அண்ணி சிரித்தார்.

அண்ணி, நீங்கள் நடந்த அந்த அகலமான மெரினா மணல் ஆதியிலிருந்து அங்கே இருந்ததில்லை. 1870களில் துறைமுகச் சுவரைக் கடலுக்குள் கட்ட ஆரம்பித்தார்கள். தெற்கிலிருந்து கரையோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை அந்தச் சுவர் மறித்துக்கொண்டது. தெற்கே மணல் குவிந்து குவிந்து மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் எங்கள் கரையைத் தின்றது. தெரு தெருவாகத் தின்றது. இப்போது எங்கள் பக்கம் மணல் கிடையாது, கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்காமல் போன அந்த மணல் எங்களுக்கு வந்திருக்க வேண்டியது.

அப்பா இறப்பதற்கு முந்தின வருடம் ஒரு விடியற்காலையில் என்னை அந்தக் கல் மேல் கூட்டிப்போனார். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நேராகக் கடலுக்குள் நீட்டினார். அலை உடைகிற இடத்துக்கும் அப்பால். "அங்கதான்டா கபடி ஆடுவோம். நானும் உங்க பெரியப்பாவும்" என்றார்.

அண்ணா, அந்த இடத்தைக் காட்டத்தான் கூப்பிட்டேன்.