பதினோரு ரிஜெக்‌ஷனும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

பிஎச்.டி. சேர்க்கைப் பட்டியல் பிடிஎஃப் வந்ததும் நான் முதலில் செய்வது கன்ட்ரோல் எஃப். விண்ணப்ப எண்ணை அடிப்பேன். 0/0 என்று காட்டும். நடுவில் ஸ்பேஸ் ஏதும் விழுந்திருக்குமோ என்று கடைசி நாலு எண்ணை மட்டும் போட்டுத் தேடுவேன். அதுவும் இல்லை. சரி, இது ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்பாக இருக்கும், தேடினால் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விரலால் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்ப்பேன். எனக்கு முந்தின எண் இருக்கும். பிந்தின எண்ணும் இருக்கும்.

திண்ணையில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்பாள்: "ஏட்டி, வந்துட்டா?"

"இன்னும் போடலம்மா."

இந்தப் பொய்யை நாலு வருஷமாகச் சொல்லி வருகிறேன். அம்மாவுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

போன வாரம் தோழி ஒருத்தி ராத்திரி ஒரு மணிக்கு மெசேஜ் போட்டிருந்தாள், நேர்காணல் முடிவு வந்துவிட்டது, பெயர் இல்லை, அடுத்து என்ன செய்யட்டும் என்று. அவளுக்கு எழுத உட்கார்ந்ததுதான் இப்படி நீண்டுவிட்டது. 'விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி' எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே கிளம்பிவிடலாம்.

2021-இல் எம்.ஏ. வரலாறு முடித்தேன். அதன் பிறகு பிஎச்.டி. இடத்துக்கும் ஃபெல்லோஷிப்புக்குமாகப் பதினோரு 'இல்லை'. கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் பாஸ், ஆனால் அதிலேயே கூடுதல் மதிப்பெண் எடுத்தவர்களுக்குக் கிடைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் இல்லை. ஒருமுறை இரண்டே மதிப்பெண்ணில் போனது. நெட்டில் ஒரு கேள்விக்கு இரண்டு மதிப்பெண், அதாவது ஒரே ஒரு கேள்வி. அது எந்தக் கேள்வி என்றுகூடத் தெரியும். ஆன்சர் கீயை எதிர்த்து 200 ரூபாய் கட்டி ஆட்சேபமும் போட்டேன், ஏற்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு அந்தப் பக்கம் மாதம் 37,000 ரூபாய். இந்தப் பக்கம், மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் நெட் அல்லாதோர் ஃபெல்லோஷிப் 8,000. இடமே கிடைக்காவிட்டால் அதுவும் கிடையாது.

2024 ஜூன் 18-இல் நடந்த நெட் தேர்வை இதில் எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒன்பது லட்சம் பேர் எழுதினோம். நன்றாக எழுதியிருந்தேன், பஸ்ஸிலேயே விடைகளைச் சரிபார்த்து, வீட்டுக்குத் தேன்மிட்டாய்கூட வாங்கிப் போனேன். மறுநாள் ராத்திரி தேர்வே ரத்து. வினாத்தாள் கசிந்ததற்கு ஆதாரம் என்று சொல்லப்பட்ட ஸ்கிரீன்ஷாட் ஜோடிக்கப்பட்டது என்று பிற்பாடு சிபிஐ விசாரணையில் தெரிந்ததாகச் செய்தி வந்தது. அதற்குள் மறுதேர்வுத் தேதியும் அறிவித்திருந்தார்கள். இரண்டாம் தடவை அதே மனசோடு எழுத முடியவில்லை.

சொந்தக்காரர்கள் ஆறுதலுக்கு ஒரு ராமானுஜனை வைத்திருக்கிறார்கள். "ராமானுஜனே காலேஜ்ல பெயிலும்மா." உண்மைதான். கும்பகோணத்தில் ஸ்காலர்ஷிப் போனது, பச்சையப்பனில் தேறவில்லை, இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதியதில் கைகொடுத்தவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிதான், மற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது எவரும் சொல்லாத ஒரு வரி. ஹார்டிக்கு எழுதுவதற்குப் பத்து மாதம் முன்பே, 1912 மார்ச்சில், அவர் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தார். மாதம் 30 ரூபாய். சோற்றுக்கு ஒரு வழி பண்ணிக்கொண்டுதான் காத்திருந்தார். மாமாவிடம் இதைச் சொன்னால் "அதத்தான் நானும் சொல்லுதேன், குரூப் ஃபோர் எழுது" என்பார். சொல்லாமல் விட்டேன்.

2016-இல் பிரின்ஸ்டன் பேராசிரியர் ஒருவர், தனக்குக் கிடைக்காமல் போனவற்றை எல்லாம் தொகுத்து 'தோல்விகளின் பயோடேட்டா' என்று வெளியிட்டு உலகம் முழுக்கப் பேசப்பட்டார். நல்ல மனசு. ஆனால் தலைப்பில் பிரின்ஸ்டன் இருப்பதால்தான் கீழே உள்ள தோல்வியைப் படிக்கிறார்கள். என் பயோடேட்டாவின் தலைப்பு 'கல்லிடைக்குறிச்சி, வீட்டில்தான் இருக்கிறேன்'.

எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒருநாள் கரண்ட் போன சாயங்காலம், பதினோரு 'இல்லை'களையும் அதில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் என்று எழுதிப் பார்த்தேன்.

இரண்டு, காகிதத்தால் போனவை. நம்ம ஊர் பிசி சான்றிதழ் வேறு, மத்திய அரசின் ஓபிசி நான்-கிரீமிலேயர் (வசதி வரம்புக்குள் இருப்பவர் என்கிற) சான்றிதழ் வேறு. இரண்டாவதை நடப்பு நிதியாண்டில் வாங்கியிருக்க வேண்டும். என்னுடையது மார்ச் மாதத் தேதியிட்டது. பொதுப் பிரிவில் போட்டுவிட்டார்கள். (ஏப்ரல் முதல் வாரமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். இந்தப் பதிவில் வேறெதுவும் உதவாவிட்டாலும் இது உதவும்.)

ஆறு, இடமே இல்லாமல் போனவை. ஒரு பேராசிரியர் அதிகபட்சம் எட்டுப் பேரைத்தான் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு. ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்கும் குறைவாக இருந்தால் புதிதாக ஆளே எடுக்க முடியாது. ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் வைத்திருக்கும் துறையில் என்ன மிஞ்சும்? ஒரு இடத்தில் என் பிரிவுக்கு மொத்தமே ஒன்று. நான் எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும் அந்த ஒன்று இரண்டாகியிருக்காது. அதற்குப் போய் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்திருக்கிறேன்.

மிச்சம் மூன்று. பேனா அங்கேதான் நின்றது. ஏனென்றால் அவை என்னால் போனவை. 'எல்லாம் சிஸ்டம்' என்று பதினொன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டதில், இந்த மூன்றும் அடியில் போய்ச் சேர்ந்திருந்தன. ஆறுதலாகச் சொல்லிக்கொண்ட ஒரு வாக்கியம் மூன்று வருஷம் என்னை எதையும் கற்றுக்கொள்ள விடாமல் வைத்திருக்கிறது.

அதில் ஒன்றில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30. தனித்தனி மதிப்பெண்ணை வெளியிடவில்லை. 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டேன். பதில் வந்தது: 30-க்கு 11. ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே போய், சான்றிதழ் ஃபைலோடு நாலு மணி நேரம் காத்திருந்து, ஏழு நிமிஷம் பேசியதற்குப் பதினொன்று. கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு பேரை வரவழைக்கிறவர்கள், கேட்காமலே மதிப்பெண்ணையும் இரண்டு வரிக் காரணத்தையும் அனுப்பினால் என்ன? விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றும் அம்மாவுக்கு எத்தனை ஆயிரம் பீடி என்று எனக்குக் கணக்குத் தெரியும். கட்டணம் வாங்கியவர்கள் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பிறகு, குழுவில் இருந்த ஒரு பேராசிரியருக்கு மெயில் போட்டேன். இடம் கேட்கவில்லை, என் திட்ட வரைவில் எது குறை என்று மட்டும் கேட்டேன். எட்டாம் நாள் பதில் வந்தது. என் தலைப்பு கன்னடியன் கால்வாயில் குடிமராமத்து, அதாவது ஊர்க்காரர்களே கூடிக் கால்வாயைப் பராமரிக்கும் பழைய வழக்கம். அவர் எழுதியது இவ்வளவுதான்: "1858-ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டத்தைக் காட்டினீர்கள். அதை உங்கள் கால்வாயில் யார் மீது, எந்த வருஷம் பயன்படுத்தினார்கள் என்று காட்டவில்லை. எந்தக் காப்பகத்தில் எந்த ஆவணத்தைப் பார்ப்பீர்கள் என்றும் இல்லை."

படித்ததும் முகம் சூடானது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓடும் கால்வாய் அது. அதைப் பற்றி நான் எழுதியிருந்த எல்லாம் மற்றவர்கள் புத்தகத்திலிருந்து எடுத்தது.

இப்போது ஒரு சுயநிதிக் கல்லூரியில் வகுப்பெடுக்கிறேன். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, ஆனால் ஒன்றாம் தேதி வருகிறது. கையில் அது இருப்பதால் பிடிஎஃப்பைத் திறக்கும்போது கை நடுங்குவதில்லை. முந்தாநாள் தோழிக்கும் இதைத்தான் சொன்னேன், முதலில் ஒரு வேலை பார், பிறகு அழலாம். "நீயெல்லாம் ஒரு ஃபிரெண்டாட்டி" என்றாள்.

தீபாவளி லீவில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் நாலு நாள் உட்கார்ந்தேன். ரெவின்யூ போர்டு நடவடிக்கைக் குறிப்புகளில் கால்வாய் பெயர் வரும் இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன், அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து. இதுவரை பதினேழு. அரையாண்டு லீவுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று, வெயிட்டிங் லிஸ்ட் 43. இந்த வருஷம் விண்ணப்பம் போடுவேனா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.