கோபித்துக்கொண்ட கன்சர்வேட்டிவ்கள் மட்டுமா?

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும் என்ற யூகிப் (UKIP) கட்சிக்குப் போனதெல்லாம், தங்கள் வலதுசாரிக் கட்சியான கன்சர்வேட்டிவோடு கோபித்துக்கொண்டவர்களின் ஓட்டுதான் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 2014 அக்டோபர் 9 இடைத்தேர்தலில், கிளாக்டன் தொகுதியில் கன்சர்வேட்டிவிலிருந்து யூகிப்புக்கு மாறி நின்ற டக்ளஸ் கார்ஸ்வெல் ஜெயித்ததை எல்லோரும் பேசுகிறார்கள். அதே நாளில் ஹேவுட்-மிடில்டனில், அதாவது இடதுசாரி லேபர் கட்சியின் கோட்டையில், யூகிப் தோற்றது வெறும் 617 ஓட்டில்!

இந்த ஆதரவின் வேர் 2004-ல் இருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி தன் வேலைச் சந்தையை ஏழாண்டு பூட்டி வைத்தது. பிரிட்டனில் லேபர் பிரதமர் பிளேரின் அரசு உடனே திறந்துவிட்டது. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர்தான் கூடுவார்கள் என்ற கணிப்பு (மற்ற பெரிய நாடுகளும் திறக்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு அது) தவிடுபொடியானது. பிறகு வந்த கன்சர்வேட்டிவ் பிரதமர் கேமரன், நிகரக் குடியேற்றத்தை (வருபவர்களில் வெளியேறுபவர்களைக் கழித்த கணக்கை) ஒரு லட்சத்துக்குக் கீழே இறக்குவேன் என்றார். ஒன்றியத்துக்குள் தடையற்ற நடமாட்டம் இருக்கும்வரை அது அவர் கையிலேயே இல்லை. 2014-ல் எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டியது.

தேர்தல் முறைக்கும் பங்குண்டு. பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்தபோது அங்கே நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் விகிதாசார முறை, அதாவது ஓட்டுக்கு ஏற்ற இடங்கள். சின்னக் கட்சிக்குப் போட்டாலும் ஓட்டு வீணாகவில்லை, லண்டனில் ஆட்சியும் கவிழவில்லை. அந்தத் தேர்தலில் பழகிய கைதான் 2015 பொதுத்தேர்தலிலும் யூகிப்புக்கு 12.6% போட்டது. கிடைத்ததென்னவோ ஒரே இடம்.