இரண்டு கார்டு மாட்டினால் கேம் இரண்டு மடங்கு ஓடாது

கேம் வேகமாக ஓடும் என்று நம்பி இரண்டு கிராபிக்ஸ் கார்டு (திரையில் காட்சிகளை வரைந்து தரும் பாகம்) வாங்கிய ஒரு தம்பி நேற்று அவற்றின் படத்தைப் போட்டார். அதனால் கேம் வேகமாகாது என்று நான் சொன்னதும் கீழே என்ன நடந்தது என்று எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி கிளற விருப்பமில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் தூக்கம் வரவில்லை. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆர்டிஎக்ஸ் 3060 மாட்டினால் கேம் இரண்டு மடங்கு வேகமாக ஓடாது. ஒன்றரை மடங்கும் ஓடாது. ஒரு கார்டு உழைக்கும், இன்னொன்று சும்மா இருக்கும்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கார்டின் மேல் விளிம்பில் பிரிட்ஜ், அதாவது இரண்டு கார்டையும் இணைக்கும் பட்டை, மாட்டுவதற்கான தங்க நிறப் பற்கள் எங்கே? இல்லை. இந்தக் கார்டுகளைச் செய்யும் என்விடியாவின் 30 வரிசையில் 3090 வகைக்கு மட்டும்தான் அது உண்டு. 2022-ல் வந்த 4090-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். இணைக்கவே வழியில்லாத இரண்டு கார்டை ஜோடி என்று சொல்லி விற்ற கடைக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்ட எனக்குத்தான் பொறாமையாம்.

எனக்கு என்ன பொறாமை? 2015-ல் சீட்டுப் பணம் எடுத்து இரண்டு ஜிடிஎக்ஸ் 970 வாங்கி மாட்டியவன் நான். விரல் நீளப் பிரிட்ஜை இரண்டுக்கும் குறுக்கே வைத்து அழுத்தியபோது கை நடுங்கியது. திரை மூலையில் நொடிக்கு 80 ஃப்ரேம், அதாவது 80 படம், என்று காட்டும். கேமில் காரை வளைவில் திருப்பினால் படம் வெட்டி வெட்டி வரும். ஒரு ஃப்ரேமை இந்தக் கார்டு, அடுத்ததை அந்தக் கார்டு என்று மாறி மாறி வரையும்போது இரண்டும் சீரான இடைவெளியில் வந்து சேராது என்பது பிறகுதான் புரிந்தது. மெமரியும் அப்படித்தான். நாலும் நாலும் எட்டு ஜிபி என்று கணக்குப் போட்டிருந்தேன். இரண்டிலும் ஒரே சரக்குதான் நிரம்பும், கேமுக்குக் கிடைப்பது நாலுதான். கீழ்க் கார்டு கக்கும் சூட்டை மேல் கார்டு இழுத்துக்கொண்டு மே மாதத்தில் 80 டிகிரியைத் தாண்டும். புது கேம் வந்தால் அதற்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வரும்வரை இரண்டாவது கார்டுக்கு வேலையே இல்லை. கடைசியில் ஒன்றைக் கழற்றி, வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு விற்றேன்.

அது பழைய கதை, இப்போது தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது என்கிறீர்கள். வளர்ந்ததால்தான் இது வழக்கொழிந்தது. இப்போதைய கேம்கள் பலவும் முந்தைய ஃப்ரேமை வைத்துத்தான் அடுத்ததைச் சீராக்குகின்றன. முந்தையது இன்னொரு கார்டில் கிடந்தால் அதைக் கொண்டுவரவே நேரம் போய்விடும். இப்படிக் கார்டுகளை ஜோடி சேர்க்கும் எஸ்எல்ஐ முறைக்குப் புது டிரைவர் அமைப்புகள் 2021 ஜனவரி 1 முதல் கிடையாது என்று என்விடியாவே அறிவித்துவிட்டது. கேம்கள் கார்டோடு பேசப் பயன்படுத்தும் விண்டோஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸ் 12-ல் முடியுமே என்றார் ஒருவர். முடியும், கேம் செய்பவர்கள் உட்கார்ந்து அதற்கென்று எழுதினால். எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் இரண்டும் வேலை செய்யும் என்கிறீர்கள். சரி, செய்யும். ஏஐ மாடல் ஓட்டவும் உதவும். அந்தத் தம்பி கேட்டது கேமுக்கு.

'வாங்கியாச்சு, அவன் சந்தோஷத்தைக் கெடுக்காதே' என்றீர்களே, அதுதான் எனக்கு வலித்தது. பத்து வருடமாக எத்தனை பேருக்கு நள்ளிரவில் போனில் பேசிப் பேசி கம்ப்யூட்டர் சரிசெய்து கொடுத்திருக்கிறேன்! ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அவர்களில் இரண்டு பேர் நேற்று அந்தப் பொறாமை கமென்டுக்கு லைக் போட்டிருக்கிறார்கள்.

இரவு பதினோரு மணிக்குத் தம்பியே இன்பாக்ஸில் வந்தார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். 'அண்ணா, அப்பா லோன் போட்டு வாங்கிக் கொடுத்தது. நிஜமாவே ஓடாதா?' கேமை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் படம் அனுப்பினார். ஒரு கார்டு 97 சதவீதம், இன்னொன்று 0.

பில்லில் ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று போட்டிருக்கிறது. இன்று நாலாவது நாள். நாளை காலை கடை திறக்கும்போது நானும் கூட வருகிறேன், அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த நுரையையும் பத்திரமாக எடுத்து வா என்று சொல்லியிருக்கிறேன்.