பெரிய கோயில் நிழல் தரையில் விழும்

தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழும். தினமும் விழுகிறது. சூரியன் கிழக்கே இருந்தால் மேற்கே விழும், மேற்கே சாய்ந்தால் கிழக்கே முற்றத்தில் நீளமாக விழும். இதை இத்தனை வருஷம் கழித்தும் ஒருவன் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிகிறது.

காலையில் போனைத் திறந்தால் குடும்பக் குழுவில் "பெரிய கோயில் நிழல் தரையில் விழாது" என்ற அந்த ஃபார்வர்டு. பத்துப் பேர் கைகூப்பி வைத்திருப்பார்கள். யூடியூபைத் திறந்தால் ட்ரோன் சுற்றிச் சுற்றிப் பறக்க, அதிரடி இசைக்கு நடுவே ஒரு கனத்த குரல்: "விஞ்ஞானிகளே வியந்த மர்மம்!" சினிமா வசனத்தில் அதே கதை, டிவி பட்டிமன்றத்தில் அதே கதை, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலும் அதே கதை. எங்கள் தெருப் பிள்ளை ஒன்று போட்டிக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கல்வெட்டிலிருந்து நாலு வரி எழுதிக் கொடுத்தேன். பள்ளியில் திரும்ப அந்த நிழல் வரியையே சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் கைதட்டு விழுமாம். பிள்ளைக்குப் பொய்யைச் சொல்லிக் கொடுத்து, அதற்குப் பரிசும் கொடுத்து அனுப்பினால் அது எந்த வயதில் அதை மறக்கும்?

சித்திரை மாதத்தில் அந்தக் கோயிலுக்குள் வெறுங்காலோடு நடந்து பார்த்திருக்கிறீர்களா? கல் தளம் காலைப் பொசுக்கிவிடும். விரித்திருக்கும் நார் விரிப்பை விட்டு ஒரு அடி தள்ளி வைத்தாலும் துள்ளி ஓட வேண்டும். சாயங்காலம் ஆனால் விமானத்தின் நிழல் முற்றத்தில் இறங்கும். ஊர் ஜனம் அந்த நிழலுக்குள்தான் போய் உட்காரும். குழந்தைகள் அதில்தான் ஓடி விளையாடும். ஒருமுறை சென்னையிலிருந்து வந்திருந்த அத்தானை அங்கே கூட்டிப்போனேன். நிழலில் நின்றுகொண்டு, மேலே கையைக் காட்டி, "மாப்ளே, இதோட நிழல் மட்டும் தரையில விழாது, தெரியுமா?" என்றார்.

"அத்தான், நாம நிக்கிறதே அந்த நிழல்லதான்."

"நீ சும்மா இரு. எவ்வளவு பெரிய ஆளுங்க வீடியோல சொல்லியிருக்காங்க."

கண்ணுக்கு முன்னால், காலுக்குக் கீழே கிடக்கிறது. குனிந்து பார்க்க மாட்டேன் என்கிறார் மனிதர். அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? பக்கத்தில் நாலு பேருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவரும் அதே நிழலில் நின்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் உச்சிப் பொழுதில் எந்தக் கட்டடத்தின் நிழலும் அதன் காலடிக்குள் சுருங்கும். பெரிய கோயில் விமானம் மேலே போகப் போகக் குறுகுகிறது, அடி அகலமானது. அதனால் அந்த நேரத்தில் மேலடுக்குகளின் நிழல் கீழடுக்குகளின் மேலேயே விழுந்து அடங்கிவிடுகிறது. இதில் மர்மமும் இல்லை, மந்திரமும் இல்லை.

அப்புறம் அந்த எண்பது டன் கல். உச்சியில் இருப்பது ஒரே கல்லாம், சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி யானைகளை வைத்து இழுத்து ஏற்றினார்களாம். விமானத்தின் சிகரம் பல கற்களைச் செதுக்கிப் பொருத்தியது. குடவாயில் பாலசுப்ரமணியன் போன்ற வரலாற்று ஆய்வாளர்கள் இந்த நிழல் கதையையும் ஒற்றைக்கல் கதையையும் மறுத்து எத்தனையோ காலமாக எழுதியும் பேசியும் வருகிறார்கள். யார் காதில் ஏறுகிறது? பெரிய நந்தியும் அப்படித்தான். ராஜராஜன் வைத்த நந்தி என்பார்கள், வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்தார்கள் என்பார்கள். அது நாயக்கர் காலத்து நந்தி. விமானத்தின் வடபுறம் தொப்பி போட்ட ஒரு ஐரோப்பியர் உருவம் இருக்கிறது. உடனே ராஜராஜன் ஆயிரம் வருஷம் முன்பே வெள்ளைக்காரன் வருவான் என்று கணித்துவிட்டாராம்! அந்தக் கோயிலில் சோழருக்குப் பின் பாண்டியர், நாயக்கர், மராத்தியர் எல்லோரும் கை வைத்திருக்கிறார்கள். அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது, முருகன் சன்னதி நாயக்கர் காலத்தது. திருச்சுற்றில் மராத்தி மொழியில் போன்ஸ்லே வம்ச வரலாறே 1803-இல் வெட்டப்பட்டிருக்கிறது. தொப்பிக்காரரும் பிற்காலத் திருப்பணியில் வந்தவர் என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

பொன்னியின் செல்வன் படம் வந்ததிலிருந்து இன்னொரு தொல்லை. வந்தியத்தேவன் குதிரையில் போவான், பின்னால் பெரிய கோயில் விமானம் நிற்கும். ரசிகர்கள் போடும் ஓவியம், பனியனில் அச்சடிக்கும் படம், யூடியூப் முகப்பு, எங்கும் இதே காட்சி. அந்தக் கதை முடிகிற இடத்தில் அருள்மொழி, அதாவது பின்னாளில் ராஜராஜன் ஆனவர், இன்னும் அரசரே ஆகவில்லை. அவர் பட்டத்துக்கு வந்தது 985-இல். கோயில் முடிந்தது 1010-இல். கதையில் ஓடியாடும் இளைஞர்களுக்கெல்லாம் நரை விழுந்த பிறகுதான் அந்த விமானமே எழுந்தது. கல்கி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் கதையில் இல்லாத கோயிலைக் கொண்டுபோய் அதில் நுழைப்பவர்கள் மேல்தான் கோபம்.

பொய் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், பெருமையாகத்தானே சொல்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கதைகள் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் உண்மைக்கு இடமே இல்லாமல் போகிறது. அதுதான் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கோயில் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கிறது! "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் ஆணையிட்டிருக்கிறார். தன் பேருக்கு அடுத்தபடி அக்கா குந்தவையின் பேர், அப்புறம் மனைவியர், அப்புறம் கொடுத்த மற்ற எல்லோரும்.

வெட்டியும் இருக்கிறார்கள். சாமி நகையில் கோத்த முத்துகளைக்கூட வட்டம், அனுவட்டம், சப்பத்தி, கறடு என்று வகை பிரித்து, எண்ணி, எடை போட்டு எழுதியிருக்கிறார்கள். முத்தில் குறை இருந்தால் அந்தக் குறையையும் மறைக்கவில்லை. எடை போட ஆடவல்லான் என்ற பெயரில் தனிக் கல். ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடு, அந்த ஆடுகளை வாங்கிக்கொண்டவர் தினம் ஒரு உழக்கு நெய் தர வேண்டும். தேவாரம் பாட 48 பேர், கூட உடுக்கைக்கு ஒருவர், மத்தளத்துக்கு ஒருவர்.

கோயிலின் ஆடல் பெண்கள் குடியிருந்த தளிச்சேரியைப் பற்றிய கல்வெட்டை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆடல் பெண்கள் 400 பேர். ஒவ்வொருத்தியின் பேர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது வருஷத்துக்கு 100 கலம் நெல். அவர்களைத் தொடர்ந்து நட்டுவனார்கள், பாடுகிறவர்கள், கணக்கர்கள், விளக்கு ஏற்றுகிறவர்கள், தண்ணீர் தெளிக்கிறவர்கள், குயவர், வண்ணார், நாவிதர், தையல்காரர், கன்னார், தச்சர். ஒருவர் இறந்துபோனால் அந்தப் பங்கு அவருடைய நெருங்கிய உறவுக்குப் போகும். அவருக்கு அந்த வேலை தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். பெருந்தச்சன் பேர்கூட இருக்கிறது: குஞ்சர மல்லன். ஆயிரம் வருஷத்துக்கு முன் துணி வெளுத்தவனுக்கும் துணி தைத்தவனுக்கும் அந்தச் சுவரில் இடம் இருந்தது. நம்முடைய ரீலில் அவர்களுக்கு ஒரு நொடி இடம் கிடையாது.

கட்டடமாகப் பார்த்தாலும் வியக்க வேண்டியவை வேறு. தஞ்சையைச் சுற்றிப் பாறையே கிடையாது, வயலும் வண்டல் மண்ணும்தான். அத்தனை கருங்கல்லும் வெளியிலிருந்து வந்தது. 216 அடி உயர விமானம் உள்ளே கூடு. கருவறைக்கு மேல் நடுவில் தூண் கிடையாது, கல்வரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் நகர்த்தி நகர்த்தியே உச்சி வரை மூடியிருக்கிறார்கள். மேல்தளத்தின் உள்சுற்றில் சிவனே ஆடிக் காட்டும் கரணச் சிற்பங்கள், அதாவது 108 ஆடல் நிலைகளில் 81. மீதி 27-க்கும் கல் தயாராக இருக்கிறது, செதுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஏன் நின்றுபோனது? ஒரு மர்மம் வேண்டுமென்றால் இதைப் பேசலாமே. கருவறையைச் சுற்றிய பாதையில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருந்தது. எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டுபிடித்துச் சொல்லும்வரை உலகத்துக்கே தெரியாது.

இதைக் கட்டியது ராஜராஜன் என்பதே ஒரு காலத்தில் மறந்துபோயிருந்தது. கரிகாலன் என்றார்கள், காடுவெட்டிச் சோழன் என்றார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் வந்து கல்வெட்டைப் படித்த பிறகுதான் பேர் திரும்பக் கிடைத்தது. கதையை நம்பி, எழுத்தைப் படிக்காமல் விட்டதால் கட்டியவனையே தொலைத்த ஊர் இது. மறுபடியும் அதே வேலையைத்தான் செய்கிறோம், இந்தத் தடவை ட்ரோன் வைத்து.

1954-இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் இந்தக் கோயில் இருந்தது. 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பெருமைக்குப் பஞ்சமே இல்லை, பொய்யை இரவல் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

ரீல் போடுகிற தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை வரும்போது ட்ரோனைப் பையிலேயே வைத்துவிட்டுச் சுவர் ஓரமாக நடங்கள். அடிப்பகுதி முழுக்க எழுத்துதான், கைக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கிறது. அதன் மேல் சாய்ந்து செல்ஃபி எடுக்காதீர்கள். தளிச்சேரிக் கல்வெட்டு அச்சிலேயே கிடைக்கிறது. அதிலிருந்து ஒரு பத்துப் பெண்களின் பேரை, ஊரோடும் வீட்டோடும் சத்தமாக வாசித்து ஒரு வீடியோ போடுங்கள். நான் பார்க்கிறேன். எங்கள் குடும்பக் குழுவிலும் நானே போடுகிறேன்.