ஐந்து நாள் ஆட்டக்காரர்

செங்கோட்டை. 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தல். பள்ளிக்கூட வராந்தாவில் தொடங்கிய வரிசை வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பூத்துக் கிடக்கும் கொன்றை மரத்தடியில் முடிகிறது. அங்கே நிற்பவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. வயது 70. காய்கறி மண்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். கிரிக்கெட் என்றால் வெள்ளை உடை, சிவப்புப் பந்து, ஐந்து நாள் என்பது அவர் கட்சி. அவருக்குப் பின்னால் வந்து நிற்பவன் முத்து. வயது 24. புனலூருக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லோடு ஆட்டோக்காரன்.

முத்து: அண்ணாச்சி, பெரியவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறதே. ரெண்டே ரெண்டு பேர்தான் நிற்கிறார்கள்.

அண்ணாச்சி: அது வயசானவர்களுக்கு.

முத்து: உங்களுக்கு எழுபது ஆகவில்லையா?

அண்ணாச்சி: எழுபது ஆகிவிட்டது. வயசு ஆகவில்லை. ஆட்டத்தின் நடுவில் ஒருத்தனைச் சலுகையில் உள்ளே அனுப்புகிற வேலையே எனக்குப் பிடிக்காதுடே. போன வருஷம் ஐபிஎல்லில் கொண்டுவந்தார்களே, இம்பாக்ட் பிளேயர்! பன்னிரண்டாவது ஆள் பேட் பிடிக்கிறான். எங்கள் காலத்தில் பன்னிரண்டாவது ஆள் என்றால் தண்ணீர் கொண்டுபோகிறவன்.

முத்து: 85 தாண்டினவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குகிறார்கள், தெரியுமா?

அண்ணாச்சி: அப்படியா? எனக்கு இன்னும் பதினைந்து வருஷம் இருக்கிறது.

முத்து: இந்த வரிசை நகர்கிற வேகத்தைப் பார்த்தால் இங்கேயே 85 ஆகிவிடும்.

(அண்ணாச்சி எம்பி முன்னால் பார்க்கிறார். இது மூன்றாவது தடவை.)

அண்ணாச்சி: என்ன வெயில்! இதற்குப் பெயர் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சித்திரையும் வைகாசியும் இளவேனிலாம். இலக்கணம் எழுதினவர் செங்கோட்டையில் ஓட்டுப் போட நின்றதில்லை.

முத்து: கொன்றை பூத்திருக்கிறதே, போதாதா? சித்திரை விசு முடிந்து ஐந்து நாள்தான் ஆகிறது. அன்றைக்கு ராத்திரி தோனி ஆடினாரே! வான்கடேயில், பாண்டியா போட்ட கடைசி ஓவர். வந்ததும் வரிசையாக மூன்று சிக்சர். நாலு பந்து, இருபது ஓட்டம். கடைசியில் சென்னை ஜெயித்ததும் அதே இருபது ஓட்டத்தில்.

அண்ணாச்சி: நான் அதெல்லாம் பார்ப்பதில்லை.

முத்து: உங்கள் வீட்டில் இருந்து விசில் சத்தம் கேட்டதே.

அண்ணாச்சி: குக்கர்.

முத்து: ராத்திரி ஒன்பதரைக்கா?

அண்ணாச்சி: சுக்குக் காப்பி.

முத்து: சுக்குக் காப்பியை யாராவது குக்கரில் போடுவார்களா அண்ணாச்சி? சரி, விடுங்கள். அதற்கு மறுநாள் ஹைதராபாத் இருபது ஓவரில் 287 அடித்தது. பெங்களூரு திருப்பி 262 அடித்தது. நாற்பது ஓவரில் 549 ஓட்டம்!

அண்ணாச்சி: அது ஆட்டம் இல்லை, மண்டியில் தேங்காய் எண்ணுவது. 1975-ல் முதல் உலகக் கோப்பை. லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்து அறுபது ஓவரில் 334. நம் கவாஸ்கர் தொடக்கத்தில் இறங்கிக் கடைசி ஓவர் வரை நின்றார். 174 பந்து பிடித்தார்.

முத்து: எவ்வளவு அடித்தார்?

அண்ணாச்சி: முப்பத்தாறு.

முத்து: நூற்று முப்பத்தாறா?

அண்ணாச்சி: வெறும் முப்பத்தாறு.

முத்து: ஜெயித்தோமா?

அண்ணாச்சி: 202 ஓட்டத்தில் தோற்றோம்.

முத்து: அப்புறம் இதில் என்ன பெருமை?

அண்ணாச்சி: அவுட் ஆகவில்லையேடே! ஒருத்தன் வந்தான், நின்றான், மரியாதையாகத் திரும்பிப் போனான். இன்றைக்கு அரசியலில் அப்படி ஓர் ஆளைக் காட்டு பார்ப்போம். காலையில் ஒரு துண்டு, சாயங்காலம் ஒரு துண்டு.

முத்து: இந்த விஷயத்தில் ஐபிஎல் பரவாயில்லை அண்ணாச்சி. பாண்டியா குஜராத்தை விட்டு மும்பைக்குக் கேப்டனாக வந்தார். மும்பைக்காரர்களே சொந்த மைதானத்தில் கூச்சல் போட்டார்கள். நம் ஊரில் கட்சி மாறி வந்தால் ஆள் உயர மாலை போடுகிறோம்.

அண்ணாச்சி (கொஞ்சம் யோசித்து): அது உண்மைதான். ஆனால் இந்த ஏலம் எடுக்கிறார்களே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வெளிநாட்டுப் பந்துவீச்சாளனுக்கு 24 கோடியே 75 லட்சம்! மனுஷனுக்கு விலை வைக்கலாமா? அதே புத்திதான் தேர்தலுக்கும் வந்துவிட்டது. ஓட்டுக்குப் பணம் வாங்குகிறவன் முகத்தில் நான் விழிக்க மாட்டேன்.

முத்து: உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தார்களா?

அண்ணாச்சி: வரவில்லை.

முத்து: நல்லதுதானே?

அண்ணாச்சி: நல்லதுதான். முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று சொல்ல ரெண்டு நாளாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி பதினொரு மணி வரை விளக்கைக்கூட அணைக்கவில்லை. ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை.

முத்து: அன்சோல்ட்.

அண்ணாச்சி: என்ன?

முத்து: ஏலத்தில் யாரும் கேட்கவில்லை என்றால் அப்படித்தான் சொல்வார்கள்.

அண்ணாச்சி: என் அனுபவத்துக்கு ஓர் அடிப்படை விலைகூடக் கிடையாதா? வாங்கவா போகிறேன்? கேட்பதற்கு என்ன?

(வரிசை நாலடி நகர்கிறது. அண்ணாச்சி ஆறடி நகர்ந்து முன்னால் நிற்கும் அம்மாளின் கூடையில் இடித்துக்கொள்கிறார்.)

முத்து: அவசரப்படாதீர்கள்.

அண்ணாச்சி: எனக்கென்ன அவசரம்? பொறுமையை நான்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்கள் கூட்டத்துக்கு எல்லாம் சும்மா கிடைத்துப் பழகிவிட்டது. பவர்பிளே என்பது என்ன? முதல் ஆறு ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே ரெண்டே பேர். அது பேட்ஸ்மேனுக்கு அரசாங்கம் கொடுக்கிற இலவசம். இலவசம் கொடுத்துக் கொடுத்துத்தான் பந்துவீச்சும் கெட்டது, நாடும் கெட்டது.

முத்து: ஆச்சிக்கு மாசம் ஆயிரம் ரூபாய் வருகிறதா?

அண்ணாச்சி: வருகிறது. போன செப்டம்பரில் ஆரம்பித்தது. நான் கையால் தொடுவதில்லை.

முத்து: உங்கள் வீட்டுக் கேபிளுக்கும் உங்கள் செல்போனுக்கும் யார் பணம் கட்டுகிறார்கள்?

அண்ணாச்சி: அது அவள் உரிமைத் தொகை. குடும்ப நிதி ஒதுக்கீட்டில் நான் தலையிடுவதில்லை.

முத்து: ஆச்சி கொடுக்கிற பவர்பிளேயில்தான் நீங்கள் ஐபிஎல்லைத் திட்டுகிறீர்கள்.

அண்ணாச்சி: நீ இன்றைக்குப் புனலூருக்கு லோடு அடிக்கப் போகவில்லையா?

முத்து: ஓட்டுப் போட்டதும் கிளம்ப வேண்டும். அங்கே இன்றைக்கு விடுமுறை கிடையாது. கேரளாவுக்கு ஓட்டு அடுத்த வெள்ளிக்கிழமைதானே, 26-ம் தேதி.

அண்ணாச்சி: என் மகளுக்கும் அங்கேதான் ஓட்டு. ஒரே மலை, ஒரே ரயில்பாதை. நமக்கு ஒரு தேதி, அவர்களுக்கு ஒரு தேதி. பேரன் வேறு சஞ்சு சாம்சன் கட்சி. லீவுக்கு வந்து என் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு ராஜஸ்தானுக்குக் கைதட்டுகிறான்.

முத்து: அந்த அணியில் நம் அஸ்வினும் இருக்கிறாரே.

அண்ணாச்சி: அதனால்தான் சோறு போடுகிறேன். ஐந்நூறு டெஸ்ட் விக்கெட், நூறு டெஸ்ட். போன மாசம் அந்த நூறாவது டெஸ்டைப் பார்க்க ஐந்து நாளைக்கும் முறுக்கு வாங்கி வைத்தேன். தரம்சாலாவில் மூன்றே நாளில் முடித்துவிட்டார்கள். ரெண்டு நாள் முறுக்கு மிச்சம்.

முத்து: மலைக்கு அந்தப் பக்கத்து ஆளும் இந்தப் பக்கத்து ஆளும் ஒரே அணியில் ஆடினால் பழைய திருவிதாங்கூர் மாதிரிதான்.

அண்ணாச்சி: திருவிதாங்கூரைப் பற்றி நீ பேசாதே. நான் 1954-ல் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். 1956 நவம்பர் 1-ம் தேதி காலையில் விடிந்தால் சென்னை மாநிலம். என் தொட்டிலை யாரும் ஓர் அங்குலம் நகர்த்தவில்லை. மாநிலம் நகர்ந்துவிட்டது. ஆரியங்காவு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

முத்து: அப்படியென்றால் பவுண்டரிக் கயிறை உள்ளே இழுத்துப் போடுகிற பழக்கம் ஐபிஎல்லுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

அண்ணாச்சி (திடுக்கிட்டு): ...

முத்து: நான் தினமும் அந்தக் கயிறை ரெண்டு தடவை தாண்டுகிறேன் அண்ணாச்சி. ஒருத்தனும் ஆறு ஓட்டம் கொடுத்தது இல்லை. ஒரு மாசமாகப் பறக்கும் படை வேறு. ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் பணம் இருந்தால் கணக்குக் காட்டணும் என்று தக்காளிப் பெட்டியைக் கிளறுகிறார்கள். இந்த வண்டியை விற்றாலே அவ்வளவு தேறாது என்றேன். சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அண்ணாச்சி: உள்ளே போன ஆள் என்ன ஆனான்? நாலு நிமிஷம் ஆகிறது. ஒரு பொத்தானை அமுக்க இவ்வளவு நேரமா?

முத்து: டெஸ்ட் ஆடுகிறார் போல. கெட்ட பந்து வரட்டும் என்று காத்திருக்கிறார்.

அண்ணாச்சி: கிண்டலா?

முத்து: இல்லை அண்ணாச்சி, நிஜமாகவே கேட்கிறேன். ஐந்து நாள் ஆட்டம் பார்க்க எங்களுக்குப் பொறுமை இல்லை என்கிறீர்கள். இந்தத் தேர்தல் ஏழு கட்டம். இன்றைக்கு ஆரம்பித்து ஜூன் 1 வரை. முடிவு ஜூன் 4. நாம் ஓட்டுப் போட்டுவிட்டு 46 நாள் காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்க மாட்டேனா?

அண்ணாச்சி: அம்பயர் விரலைத் தூக்கினால் உடனே ஒருத்தன் வெளியே போவான். இன்றைக்கு விரலைத் தூக்குவது நாம். யார் வெளியே என்று தெரிய ஒன்றரை மாசம்! இதை யாரப்பா வடிவமைத்தது?

முத்து: உங்களுக்குப் பிடிக்க வேண்டுமே. நீளமான ஆட்டம்.

அண்ணாச்சி: நீளம் வேறு, இழுவை வேறு. நீளம் என்றால் 1986 சேப்பாக்கம். இந்தியா, ஆஸ்திரேலியா. அந்த வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தான். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் ஊசி வழியாக நீர் ஏற்றினார்கள். நம் கபில் 119. கடைசி நாள் நமக்கு இலக்கு 348. நாம் எடுத்தது 347. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் அவுட். டை! ரெண்டு பக்கமும் ஓட்டம் சரிசமம். டெஸ்ட் சரித்திரத்தில் அப்படி நடந்தது ரெண்டே தடவைதான். நான் மைதானத்தில் இருந்தேன்டே! அதுதான் பொறுமை.

முத்து: மணிந்தர் அவுட் ஆனதும் கூட்டம் என்ன செய்தது?

அண்ணாச்சி: என்ன செய்யும்? கூட்டம் போல இருந்தது.

முத்து: ஒரு பக்கம் அழுதார்களா, கத்தினார்களா?

அண்ணாச்சி: வரிசை நகர்கிறது, முன்னால் பார்.

முத்து: ஆச்சி ஒரு தடவை சொன்னார்கள். கடைசி நாள் மத்தியானமே இது டிராதான் என்று எழுந்து, எழும்பூருக்குப் போய், கொல்லம் மெயிலில் சன்னலோர இடம் பிடித்தீர்களாமே? மறுநாள் காலையில் தென்காசியில் பேப்பர் வாங்கித்தான் டை ஆனது தெரிந்ததாமே?

(மௌனம். கொன்றைப் பூ ஒன்று அண்ணாச்சியின் வழுக்கையில் விழுகிறது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.)

அண்ணாச்சி: நான் முழுசாக நாலே முக்கால் நாள் பார்த்தேன்.

முத்து: ஆமாம்.

அண்ணாச்சி: அந்த மெயிலை விட்டால் மறுநாள் மண்டிக்கு வர முடியாது. முதலாளி அப்படிப்பட்டவர்.

முத்து: நான் ஒன்றும் சொல்லவில்லையே.

அண்ணாச்சி: சன்னலோரம் எல்லாம் சும்மா. நடுவில்தான் கிடைத்தது.

ஒருவழியாக இருவரும் அறைக்குள் வந்துவிட்டார்கள். முதல் மேசையில் பெயர் பார்த்தார்கள். அடுத்த மேசையில் அண்ணாச்சியின் இடது ஆட்காட்டி விரலில் மை வைத்தார்கள். மைசூரில் தயாராகிற மை, லேசில் போகாது என்று பெருமையாக முத்துவுக்குத் திரும்பிக் காட்டினார். அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். பொத்தானை அமுக்கிய கையோடு விறுவிறுவென்று வெளிவாசலைப் பார்த்து நடந்துவிட்டார்.

அதிகாரி: பெரியவரே! பெரியவரே, நில்லுங்கள். இன்னும் பீப் சத்தம் வரவில்லை.

அண்ணாச்சி: அமுக்கிவிட்டேன் சார்.

அதிகாரி: பக்கத்துப் பெட்டியில் சீட்டுத் தெரியுமே, யாருக்குப் போட்டீர்கள் என்று. பார்த்தீர்களா?

அண்ணாச்சி: எந்தச் சீட்டு?

அதிகாரி: ஏழு விநாடி தெரியும். அப்புறம் உள்ளே விழுந்துவிடும்.

(நீளமாக ஒரு பீப் சத்தம். சீட்டு விழுந்துவிட்டது.)

முத்து (விரலை மைக்கு நீட்டியபடி): ரயிலுக்கு நேரமாகிவிட்டதா அண்ணாச்சி?